சாவி இருக்கும் இடம்

ஆனி 9, ஞாயிறு

எஸ்.ஐ. ஏசுவடியான் உத்தரவு போட்டிருக்கிறார். பார்க்கிங் காவலாளி தினமும் நோட்டு எழுத வேண்டுமாம். எத்தனை வண்டி வந்தது, யார் யார் வந்தார்கள், சந்தேகமாக என்ன கண்டேன், எல்லாம் அதில் இருக்க வேண்டுமாம். எனக்கு எழுத்து தெரியாது என்றேன். "தெரிஞ்சவங்கள வச்சு எழுதும்வே" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஸ்டேஷனில் பதினோரு பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதி ஒரு கள்ளனும் அகப்படவில்லை. இனி எழுத்தறியாதவன் எழுதிப் பிடிக்க வேண்டும்.

எழுதுகிறவள் ஆவுடையம்மாள். நெடும்பாறை அருவிக்குப் போகிற வழியில், பார்க்கிங் வாசலில் மிளகாய் பஜ்ஜி போடுகிறாள். ஐம்பது வயது, பத்தாவது பாஸ், புருஷன் இல்லை. நான் சொல்வதை அவள் புத்தகத் தமிழாக்கித்தான் எழுதுவாளாம். "நீங்க பேசுதத அப்படியே எழுதினா போலீஸ்காரன் நோட்ட அடுப்புல போட்டிருவான் அண்ணாச்சி" என்கிறாள். எப்படியும் எழுதட்டும். எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது பேச்சு.

பதினொரு மணிக்கு மேல்தான் அவளுக்குக் கை ஓயும். வந்த கூட்டம் முழுக்க அப்போது அருவிக்குள் நிற்கும். பசித்துத் திரும்பும்வரை அவளுக்கு வியாபாரம் இல்லை. அந்த ஒரு மணி நேரம் நோட்டுக்கு. கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அவள் கட்டியிருக்கிற தார்ப்பாய் வண்டிகளை மறைக்கும். மறைத்தால் மறைக்கட்டும். காதாலேயே வண்டி எண்ணுகிறவன் நான்.

என் பெயர் உச்சிமாகாளி. வயது எழுபத்துநாலு. இந்த இடத்தில் இது நாற்பத்தோராவது சீசன். போன சீசன் வரைக்கும் காணாமல் போனது ஒரே ஒரு ஸ்டெப்னி டயர். பச்சை அம்பாசிடர், பின்கதவில் முழங்கை அகலத்துக்கு நசுங்கல், ஓட்டி வந்தவருக்கு மாறுகண். எடுத்தவன் இப்போதைய குத்தகைக்காரன் தங்கப்பழத்தின் அப்பன். இதை எழுதாதே என்று ஆவுடையிடம் சொன்னேன்.

(எழுதிவிட்டேன். அடைப்புக்குள் இருப்பது ஆவுடையாகிய நான் எழுதுவது. வாசித்துக் காட்டும்போது இதை விட்டுவிடுவேன்.)

ஆனி 10, திங்கள்

இந்த நோட்டு எதற்கு என்று நேற்றுச் சொல்லவில்லை. ஆனி பிறந்து எட்டு நாளில் இரண்டு களவு. இரண்டும் வாடகைக் கார். கண்ணாடி உடையவில்லை, பூட்டு நெம்பவில்லை. குளித்துவிட்டு வருகிறான், ஒளித்து வைத்த இடத்தில் சாவி அப்படியே இருக்கிறது, திறந்தால் உள்ளே பையைக் காணவில்லை. கள்ளன் சாவியை எடுத்து, திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, பூட்டி, சாவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒழுக்கமானவன். குளிக்க வருகிறவர்களிடம் அந்த ஒழுக்கம் கிடையாது. ஈரத்துண்டை என் நாற்காலி மேல்தான் பிழிவார்கள்.

எஸ்.ஐ.யின் யோசனை வேறு. வாடகைக் கம்பெனியில் எவனோ மாற்றுச் சாவி செய்து வைத்திருக்கிறானாம். ஒரு வண்டி மதுரைக் கம்பெனி, இன்னொன்று சென்னைக் கம்பெனி. இரண்டு ஊரிலும் ஒரே ஆள் சாவி செய்து, எந்த வண்டி என்றைக்கு நெடும்பாறைக்குப் போகும் என்று சோழி உருட்டிப் பார்த்து, இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போகிறான். நன்றாக இருக்கிறது. இந்த மூளைக்கு இரண்டு நட்சத்திரம் போதாது.

வாடகைக் காரைக் கண்டுபிடிக்க யாருக்கும் படிப்பு வேண்டாம். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. எழுத்து புரியாவிட்டாலும் நிறம் தெரியும். கறுப்புப் பலகை என்றால் தூரதேசத்துக்காரன், நாலு நாள் பயணம், மூட்டைமுடிச்செல்லாம் உள்ளே. உள்ளூர்க்காரன் வண்டியில் ஒரு சோப்பு டப்பாதான் இருக்கும்.

ஆனி 12, புதன்

முப்பத்தாறு வண்டி. கறுப்புப் பலகை ஏழு.

வண்டியைக் கொடுக்கும்போதே கம்பெனிக்காரன் பயமுறுத்தி அனுப்புகிறான். சாவிக்குள் மின்சார வேலை இருக்கிறது, தண்ணீர் பட்டால் வண்டி கிளம்பாது, அப்புறம் நீதான் பொறுப்பு என்று. போகிற இடமோ அருவி. உடம்பெல்லாம் எண்ணெய், இடுப்பில் ஒரு துண்டு. சாவியை எங்கே வைப்பான்? வண்டியிலேயே ஒளிப்பான். ஒளிக்கிற லட்சணத்தைப் பார்க்க வேண்டும். முதலில் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். அவன் பார்ப்பதை ஊரே பார்க்கும். பிறகு செருப்பைச் சரிசெய்கிறவன் போலக் குனிந்து டயருக்கு மேல் வைப்பான். நிமிரும்போது ஒரு சிரிப்பு. உலகத்தில் எவனுக்கும் தோன்றாத இடம் தனக்குத் தோன்றிவிட்டது போல.

சாமான் இன்னும் மோசம். பின்சீட்டில் கம்ப்யூட்டர் பை. அதன் மேல் ஒரு துண்டு. மூடிவிட்டால் கள்ளனுக்குக் கண் அவிந்துபோகும் என்று நினைப்பு. வளையல்களைக் கழற்றி முறுக்கு டப்பாவில் போட்டு, டிக்கியை ஆவென்று திறந்து, "முறுக்கு டப்பாவுல வச்சிருக்கேங்க" என்று புருஷனுக்குக் கேட்கக் கத்துகிறாள் ஒருத்தி. எனக்கும் கேட்டது. அருவிக்கும் கேட்டிருக்கும்.

இன்றைக்குப் பார்த்தது: வெள்ளை வண்டி, முன் டயர் இடதுபக்கம். நீல வண்டி, பின் டயர். சிவப்பு, புகைக்குழாய்க்குள் காகிதத்தில் சுற்றி. சாம்பல் நிற வண்டி, புது மாப்பிள்ளை பெண்: அவன் டயர் மேல் வைத்தான், அவள் சரியில்லை என்று எடுத்து வைப்பருக்கு அடியில் வைத்தாள். குளித்து வந்து அவன் டயரைத் தடவுவான், அவள் எந்த வைப்பர் என்று மறந்திருப்பாள். முதல் சண்டை என் கண் முன்னால்தான் நடக்கும்.

நான் சொல்லச் சொல்ல லிங்கதுரை பெஞ்சில் புரண்டு சிரித்தான். லிங்கதுரை, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். நாற்பது வயது இருக்கும், நாலாவது சீசன். இந்த ஊரில் பேச்சைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள். மற்றவனெல்லாம் நான் ஒன்று சொல்லுமுன் அவன் கதையை எடுப்பான். லிங்கதுரை அப்படியில்லை. "அண்ணாச்சி, உங்க கண்ணு காமராவ விடத் துல்லியம்" என்று பஜ்ஜியும் டீயும் வாங்கிக் கொடுத்தான். பாதியில் "ஒரு ஆள் தேய்க்க வரச் சொல்லியிருக்கான்" என்று எழுந்து போனான். உழைக்கிறவன்.

(‘புகைக்குழாய் சிவப்பா, சாம்பலா?’ என்று லிங்கதுரை ஒரு தடவை திருப்பிக் கேட்டார். அண்ணாச்சி திருத்திச் சொன்னார்.)

ஆனி 13, வியாழன்

மழை. தங்கப்பழம் வந்து, கொடுத்த விசில் எங்கே என்றான். தொலைந்துவிட்டது என்றேன். கிணற்றில் போட்டேன் என்று சொல்லவில்லை.

ஆனி 15, சனி

மூன்றாவது களவு.

கரூரிலிருந்து ஒரு தாயும் மகளும். கறுப்புப் பலகை, மகள்தான் ஓட்டி வந்தாள். நன்றாகவே ஓட்டினாள், பின்னால் எடுத்து ஒரே மூச்சில் நிறுத்தினாள். பிறகு மூளை எங்கோ போய்விட்டது. சாவியை முன்பக்க நம்பர் பலகைக்குப் பின்னால் செருகினாள். நோட்டு எழுதும்போது இதைச் சொல்லி நாங்கள் சிரித்து முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, பார்க்கிங்கிலிருந்து சத்தம் கேட்டது.

போனது ஒரு கைப்பையும் ஒரு ஃபைலும். ஃபைலில் அந்தப் பெண் படித்த சான்றிதழ் முழுக்க. திங்கட்கிழமை கொல்லத்தில் வேலைக்கு நேர்முகமாம். வேலைக்குப் போகிறவள் வேலைக்குப் போக வேண்டும். குளிக்க என்ன அவசரம்? தாய்க்கு நெடும்பாறையில் குளிக்க ரொம்ப நாள் ஆசையாம். அந்தத் தாய் ஈரச் சேலையோடு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து, "என்னாலதான், என்னாலதான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். துவட்டக்கூட இல்லை. ஆவுடை ஒரு துண்டு கொண்டுபோய்ப் போர்த்தினாள்.

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். அழவில்லை.

"தாத்தா, நீங்க இங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"நான் சாவி வச்சதப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏனுங்க சொல்லல?"

கேள்வியைப் பாருங்கள். ஊரெல்லாம் பார்க்க ஒளித்துவிட்டு, பார்த்தவனைக் குற்றம் சொல்வது. முதல் பத்துப் பதினைந்து சீசன் நானும் சொல்லிப் பார்த்தவன்தான். "பெரிசு, வண்டியப் பாரு, எங்களப் பாக்காத" என்பார்கள். ஒருவன் சட்டைப் பையில் கைவிட்டு ஐந்து ரூபாயை எடுத்து நீட்டினான், வாயை மூடு என்று. சிலோன் ரேடியோ கேட்டுக்கொண்டே வந்த மஞ்சள் பியட். அன்றோடு விட்டுவிட்டேன்.

இந்தப் பெண்ணின் கேள்வியை எழுத வேண்டாம் என்றேன். ஆவுடை எழுதிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் தங்கப்பழம் வந்தான். "ஓய் உச்சிமாகாளி, இன்னொண்ணு போச்சுன்னா நீரும் போகணும். கூட நாலு பேரு வேற மாதிரியும் பேசுதானுவ. நான் இன்னும் நம்பல." ஸ்டெப்னி தூக்கினவன் மகன் எனக்கு நற்சான்று கொடுக்கிறான்.

(லிங்கதுரை இன்றைக்கு நம்பர் பலகை என்று அண்ணாச்சி சொன்னதும் எழுந்து போனார். அரைமணி கழித்து வந்தார். அந்தப் பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்து ரொம்ப வருத்தப்பட்டார்.)

ஆனி 16, ஞாயிறு

தங்கப்பழம் காமிரா மாட்டியிருக்கிறான். புளியமரத்துக் கிளையில். காற்றடித்தால் வானத்தையும் ஆவுடையின் சட்டியையும் மாறிமாறிப் பார்க்கிறது. ஒரு போர்டும் வைத்திருக்கிறான். என்ன எழுதியிருக்கிறது என்று ஆவுடையைக் கேட்டேன். "உங்கள் உடைமைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." பொறுப்பில்லை என்பதைப் பெயிண்டு அடித்து எழுதிவைத்த முதல் காவல் இதுதான்.

இனி நோட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். நான் வண்டிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். கள்ளன் வரட்டும், பார்த்துவிடலாம்.

ஆனி 20, வியாழன்

மூன்று நாள், திங்கள் முதல் நேற்று வரை, பெஞ்சுப் பக்கமே வரவில்லை. நோட்டு இல்லை, டீ இல்லை. வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து பிடரி எரிகிறது. மூன்று நாளும் ஒரு களவு கிடையாது. கறுப்புப் பலகை மட்டும் இருபத்திரண்டு வந்தது, ஒன்றிலும் ஒரு ஊசி குறையவில்லை. உச்சிமாகாளியைக் கண்டு கள்ளன் நடுங்கிவிட்டான். எஸ்.ஐ. இதை வாசித்துப் பார்க்கட்டும்.

லிங்கதுரைக்குத்தான் பொழுதே போகவில்லையாம். "என்ன அண்ணாச்சி, நோட்ட நிறுத்திட்டீக? நீங்க வாயத் தொறக்காம இந்த இடமே செத்த வீடு மாதி இருக்கு" என்று வந்து வந்து கேட்டான். அதனால்தான் இன்றைக்கு வந்தேன். இன்றைக்கு நாலு கறுப்புப் பலகைதான். எல்லாம் குடும்பத்தில் ஒரு கிழவியைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறது.

(நோட்டு எழுதாத நாளில் களவு இல்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். ‘காதுள்ளவன் ஒருத்தன் இருக்கான், அவனையும் விரட்டணுமா?’ என்று கோபப்பட்டார். லிங்கதுரை பக்கத்தில் இருந்ததால் நான் மேலே பேசவில்லை.)

ஆனி 22, சனி

எழுதும் நேரம் இன்றைக்கு இரண்டு முறை. முதல் முறை பதினொன்றரைக்கு. பெங்களூர்க் கூட்டம், நாலு பையன்கள், ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி. நாலு பேரும் சேர்ந்து யோசித்துச் சாவியை ஒரு ஷூவுக்குள் போட்டு ஷூவை வண்டிக்கு அடியில் தள்ளினார்கள். நாலு ஆண்பிள்ளைகள், ஒரு ஷூ. இவர்கள்தான் கம்ப்யூட்டரில் உலகத்துக்கெல்லாம் பூட்டுச் செய்கிறார்களாம்.

இரண்டாம் முறை இப்போது, மூன்று மணி. போய்விட்டது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு காமிரா. ஷூ இருந்த இடத்தில் இருக்கிறது, சாவி ஷூவுக்குள் இருக்கிறது.

கதவுக் கைப்பிடியில் எண்ணெய்ப் பிசுக்கு. ஆவுடை என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். "தொட்டுப் பாருங்க அண்ணாச்சி. மோந்து பாருங்க." மோந்து பார்த்தேன். நல்லெண்ணெயில் ஓமம் போட்டுக் காய்ச்சியது. அதனால் என்ன? குளிக்க வருகிறவன் எல்லாம் எண்ணெய்க் கையன்தான்.

"ஓமம் போட்டுக் காய்ச்சுதது ஒரே ஒரு ஆளு" என்றாள்.

"ஏ பிள்ள, உனக்கு ஒரு ஆளு நம்மகிட்ட நல்லாப் பேசினா பொறுக்காதா?" என்றேன். கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

(எழுதவில்லை.)

ஆனி 24, திங்கள்

நேற்று எஸ்.ஐ. வந்து நோட்டைக் கேட்டார். ஆவுடையிடம் இருந்து வாங்கி, நின்றுகொண்டே புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மாறியது. "எந்த வண்டி, என்ன நிறம், எங்க சாவி... இது காவல் நோட்டா, கள்ளனுக்கு எழுதின பட்டியலா?" என்றார். ஆவுடையைச் சட்டியை இறக்கிவைக்கச் சொல்லி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அவள் அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு ஏறினாள்.

என்னை ஏற்றவில்லை. எழுத்து தெரியாதவன் பட்டியல் எழுத மாட்டான் என்று எஸ்.ஐ.யின் கணக்கு. பஸ் பிடித்து நானே போனேன்.

ஸ்டேஷனில் ஆவுடை பெஞ்சில் இருந்தாள். முன்தானையில் மாவு காய்ந்திருந்தது.

"அவ சொல்லுதா, எல்லாம் நீரு சொன்னது, அவ எழுதினதுன்னு" என்றார் எஸ்.ஐ.

"ஆமா, நான் சொன்னதுதான்."

"இத வாசிச்சா தமிழ் வாத்தியார் எழுதினாப்ல இருக்கு. நீரு இப்படியாவே பேசுதீரு? பொம்பளையக் காப்பாத்த வந்திருக்கீராக்கும்? நாளைக்குக் கோர்ட்ல நிப்பாட்டினா இந்தக் கையெழுத்து அவளுதுன்னுதான் நிக்கும்."

அவர் சொன்னது சரிதான். என் பேச்சுக்கு இவள் உடுத்திவிட்ட உடுப்பு இவள் கழுத்துக்கே கயிறாகி நின்றது.

"நோட்டத் தொறந்து வச்சுக்கிடுங்க" என்றேன். "முத நாள்ல இருந்து நான் சொல்லுதேன். விரல் வச்சுப் பாருங்க. ஒரு வண்டி மாறினா ரெண்டு பேரையும் உள்ள போடுங்க."

சொன்னேன். ஆனி ஒன்பதிலிருந்து. பதினோரு பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதில் தொடங்கியதும் ஏட்டு ஒருவர் சிரித்துவிட்டு எஸ்.ஐ. முகத்தைப் பார்த்து நிறுத்தினார். இரண்டு நட்சத்திரம் போதாது என்பதையும் சொன்னேன். விட்டால் ஒரு வரி குறையுமே. மாறுகண், பச்சை அம்பாசிடர், சிவப்பு வண்டிப் புகைக்குழாய், முறுக்கு டப்பா, மஞ்சள் பியட், ஷூ. எஸ்.ஐ. விரல் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. டீ வாங்கப் போனவன் டீயோடு வந்து நின்றுகொண்டே கேட்டான்.

முடித்தேன். எஸ்.ஐ. நோட்டை மூடவில்லை.

"அடைப்புக்குள்ள இருக்கதச் சொல்லலியே நீரு."

"எந்த அடைப்பு?"

அவர் வாசித்தார். சிவப்பா சாம்பலா என்று திருப்பிக் கேட்டது. நம்பர் பலகை என்றதும் எழுந்து போனது. நோட்டு எழுதாத நாளில் களவு இல்லாதது. என் நோட்டில் எனக்குத் தெரியாத வரிகள். ஆவுடை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு சொன்னது?"

"அவ எழுதினது."

"நெசமா, பழியத் தள்ளிவிட எழுதினதா? லிங்கதுரை அங்கன இருந்தானா? நீரு சொல்லும். உமக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே."

இருந்தது. அதுதான் கேடு. கேட்டதும் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பன்னிரண்டாம் தேதி, வைப்பர் என்று சொல்லி முடித்தபோது எழுந்தான். வண்டி நிறுத்தும் பக்கம் போனான், அருவிப் பக்கம் போகவில்லை. அன்றைக்கு அந்தச் சிவப்பு வண்டிக்காரர்கள் முன்னமே குளித்துத் திரும்பிவிட்டார்கள், இவன் வெறுங்கையோடு வந்து ‘ஆள் வரல அண்ணாச்சி’ என்றான். பதினைந்தாம் தேதி, நம்பர் பலகை. திரும்பி வரும்போது வேட்டிக் கரையில் நாயுருவி முள் ஒட்டியிருந்தது. எண்ணெய் தேய்க்கிற பாறையில் நாயுருவி கிடையாது, கழிவுநீர் ஓடைச் சரிவில்தான் உண்டு. இருபத்திரண்டாம் தேதி, ஷூ என்று சொன்னதும் சிரிக்கவில்லை. மற்ற நாளெல்லாம் சிரிப்பான். முதல் இரண்டு களவுக்கு நோட்டு கிடையாது, ஆனால் பெஞ்சு உண்டு, பஜ்ஜி உண்டு, நான் உண்டு.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். எஸ்.ஐ. இந்தத் தடவை அவரே எழுதினார். கையெழுத்து வேகமாக ஓடியது, ஆவுடை அளவுக்கு வரிசை இல்லை.

"இவ்வளவும் பாத்திருக்கீரு" என்றார். "பாத்துட்டு என்னவே செஞ்சீரு?"

"நக்கல் பண்ணினேன்" என்றேன்.

ஆவுடையை அனுப்பிவிட்டார்கள். நோட்டையும் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் இரண்டு பேரும் தனித்தனி சீட்டில் வந்தோம்.

ஆனி 25, செவ்வாய்

லிங்கதுரையைச் செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள். எண்ணெய் டின்னுக்குள் பாலித்தீன் பையில், முதல் களவில் போன பையிலிருந்த வளையலும் பெங்களூர்ப் பையன்களின் காமிராவும். என்னை அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். அவன் என்னைப் பார்த்து முறைக்கவில்லை, வணக்கம் வைத்தான். "சார், நான் ஒரு நாளும் சாவியத் தேடினதே இல்ல. எல்லாம் அண்ணாச்சி புண்ணியம்" என்றான். ஸ்டேஷனே சிரித்தது. நல்ல ஏளனம். என்னிடம் கற்றது.

தங்கப்பழம் என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டான். "கள்ளன் கூடக் கூட்டு இல்லன்னு தெரியும். ஆனா கூட்டு இருந்திருந்தாக்கூட இம்புட்டு ஒத்தாச பண்ணியிருக்க மாட்டீரு" என்றான்.

ஆனி 26, புதன்

நாயுருவிச் சரிவில் இறங்கினேன். இந்த முழங்காலோடு இறங்க எனக்கு என்ன பைத்தியமா? ஆவுடை இறங்குவேன் என்றாள், அவள் விழுந்தால் பஜ்ஜிக்கு எங்கே போவது. ஃபைல் புதருக்கு அடியில் கிடந்தது. நனைந்து, எறும்பு ஏறி. பிளாஸ்டிக் உறை போட்ட இரண்டு காகிதம் தப்பியிருக்கிறது, மற்றது கூழ். அந்த இரண்டில் எது எது என்று ஆவுடை வாசித்துச் சொன்னாள். கரூர் முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்றேன். கூட ஒரு கடிதம் வைக்கலாமா என்று கேட்டாள். என்ன எழுதுவது? அந்தப் பெண் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது என்று எழுதச் சொன்னேன்.

கொல்லம் நேர்முகம் பதினேழாம் தேதியே முடிந்துபோயிற்று.

ஆனி 29, சனி

புதுக் காவலாளி வந்துவிட்டான். பச்சைச் சட்டை, கழுத்தில் விசில். வண்டி உள்ளே வந்தால் ஊதுகிறான், வெளியே போனால் ஊதுகிறான், வண்டி வராவிட்டால் காற்றுக்கு ஊதுகிறான். நான் ஆவுடை கடையில் வெங்காயம் உரிக்கிறேன். தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டாள். புகை கண்ணில் படுகிறது. இனி அடைப்புக்குள் எழுதுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "அப்பம் அடைப்பே வேண்டாமே அண்ணாச்சி, முகத்துக்கு நேரா சொல்லிருதேன்" என்றாள்.

பத்தரைக்கு ஒரு கறுப்புப் பலகை. சேலம் பேச்சு. மாமனார், மாமியார், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். அவர்களை முன்னே அனுப்பிவிட்டு மருமகன் பின்னால் தங்கினான். நாலு பக்கமும் பார்த்தான். குனிந்தான். பின் டயர், வலதுபக்கம். நிமிர்ந்து சிரித்தான்.

வெங்காயத்தை வைத்துவிட்டுப் போனேன்.

"தம்பி, சாவிய எடும்."

"என்ன சாவி?"

"பின் டயர் மேல வச்சது. எடுத்து ஒரு பாலித்தீன் பையில முடிஞ்சு கழுத்துல கட்டிக்கிடும். இல்ல, குளிக்காத ஆளு ஒருத்தர வண்டியில உக்கார வையும். பின்சீட்டுப் பை மேல போட்டிருக்க துண்டயும் எடும், அதுதான் பை இருக்குன்னு சொல்லுது."

அவன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். பச்சைச் சட்டை இல்லை, விசில் இல்லை. வெங்காயக் கை.

"நீ யாருய்யா? வாட்ச்மேனா? அதான் அங்க ஒருத்தன் நிக்கிறானே. உன் சோலியப் பாத்துக்கிட்டுப் போ."

பழைய உச்சிமாகாளி என்றால் திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, சேலத்தான் என்று ஆரம்பித்திருப்பேன். நல்ல சரக்கு வேறு. கால்சட்டை அப்படி.

"நான் வாட்ச்மேன் இல்ல" என்றேன். "இந்த சீசன்ல இங்கன நாலு வண்டியில களவு போச்சு. அந்த நாலுக்கும் சாவி எங்க இருக்குன்னு கள்ளனுக்குச் சொன்னவன் நான்."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரே எட்டில் குனிந்து சாவியை எடுத்தான். துண்டை எடுத்தான். மாமனாரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு வண்டியில் உட்காரவைத்தான். வண்டியைச் சுற்றி இரண்டு முறை வந்தான். போகும்போது திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனான்.

அந்தக் காலத்தில் காவல்காரனாக நின்று சொன்னபோது ஒருத்தன் காதிலும் ஏறவில்லை. இதைச் சொன்னதும் ஏறுகிறது. மனுஷ ஜாதியின் லட்சணம் இவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் இன்னும் ஐந்து பேரிடம் சொன்னேன். ஐந்து பேரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் போலீஸைக் கூப்பிட்டாள். ஏட்டு வந்து, "இவரு சொல்லுதது உண்மதான்ம்மா, சாவிய எடுத்துக்கிடுங்க" என்றார்.